பழுக்கும்போது பனம்பழம் இழப்பதும் பெறுவதும்



ஆவணி மாதத்து மாலை ஒன்றில் ஒரு தாய் தம் எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். பையன் இரு கைகளாலும் ஏந்தியிருந்த பொருளை நான் காணுமுன்னரே அதன் மணம் திண்ணை முழுதும் பரவிவிட்டது. கண்மாய்க் கரையில் இரவில் விழுந்த பனம்பழம் அது.

"சாமி, இதைச் சுட்டுத் தரச் சொல்லி இவன் காலையிலிருந்து அடம் பிடிக்கிறான். காயாக இருக்கும்போதுதான் ஆன்டி ஆக்சிடன்ட் சத்து நிறைய இருக்குமாம். பழுத்துவிட்டால் எல்லாம் போய் வெறும் சர்க்கரைதான் மிஞ்சுமாம். பக்கத்து வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சத்து மாத்திரையை மாதந்தோறும் வாங்கிக் கொடுக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்று அவர் கேட்டார்.

அவர் குரலில் ஆராய்ச்சி ஆர்வத்தைவிட ஏக்கமே மிகுந்திருந்தது. விலை கொடுத்து மாத்திரை வாங்க இயலாத தம்மால் பிள்ளைக்கு ஏதோ ஒரு நன்மை கிட்டாமற் போகிறதோ என்னும் ஏக்கம் அது. அவருக்கு அன்று சொன்னதையே சற்று விரித்து இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டார் சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. பாதி உண்மை சில வேளைகளில் முழுப் பொய்யைவிட அதிகமாக நம்மை அலைக்கழிக்கும்.

முதலில் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வோம். மருந்துப் புட்டிகளில் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று அச்சிடுவதைத் தமிழில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்பர். நம் தாய்மார்கள் இதனை அடுக்களையில் நாள்தோறும் காண்கின்றனர். வாழைக்காயை நறுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. அதிலுள்ள 'ஃபீனாலிக்' என்னும் வகைப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாமே ஏற்று நிறம் மாறுவதே இதற்குக் காரணம். மோர் கலந்த நீரில் போட்டு வைத்தால் கறுப்பது குறைகிறது. மோரின் புளிப்பு அம்மாற்றத்தைத் தூண்டும் நொதியை அடக்கிவிடுகிறது. வாழைப்பூவை நறுக்கும் பெண்கள் அறிந்த கைப்பக்குவம் இது.

நம் உடலினுள்ளும் ஆக்சிஜன் இடைவிடாது வேலை செய்கிறது. உண்ட உணவு ஆற்றலாக மாறும்போது, அமைதியற்ற சில துணுக்குகள் பக்க விளைவாகப் பிறக்கின்றன. அவை அளவுக்கு மிஞ்சினால், அருகிலுள்ள நல்ல அணுக்களையும் தாக்கிச் சிதைக்கும். அவற்றின் முன்னே சென்று தாக்குதலைத் தம்மேல் ஏற்று மற்றவற்றைக் காக்கும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். ஒரே பொருளின் பெயரன்று இது. செய்யும் வேலையைக் குறித்து ஒரு பெருங்கூட்டத்துக்கு இட்ட பொதுப்பெயர். வாழைக்காயின் ஃபீனாலிக் பொருளும் அக்கூட்டத்தைச் சார்ந்தது. நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் சார்ந்தது. காரட்டுக்குச் செந்நிறம் தரும் கரோட்டினும் சார்ந்தது. 'காயில் இருந்தது, பழத்தில் போய்விட்டது' என்று ஒருவர் கூறினால், 'எது போயிற்று? அதன் இடத்தில் எது வந்தது?' என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

இக்கேள்வியோடு பனையின் அடியில் சென்று நிற்போம். மேலூர்ப் பக்கத்து வயல் வரப்புகளிலும், திருமங்கலத்துக் கரிசல் நிலத்திலும், கண்மாய்க் கரைகளிலும் நாம் காணும் பனைகளில் பெண் பனை மட்டுமே காய்க்கும். பதநீருக்காகச் சீவிய பாளையில் காய் உண்டாகாது. சீவாமல் விட்ட பாளையிலேயே குலை தள்ளும். சித்திரை, வைகாசியில் அக்குலையை வெட்டினால் நுங்கு கிடைக்கும். நுங்கு என்பது முற்றாத விதையின் உட்பகுதி. அதனைச் சுற்றியுள்ள மெல்லிய பழுப்புத் தோலோடு தின்றால் நாக்கில் ஒரு துவர்ப்புத் தட்டும். வெளிமட்டையைக் கடித்துப் பார்த்த சிறுவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனை ஆடு மாடுகளுக்குப் போட்டுவிடுவோம். குலையை வெட்டாது விட்டால் நுங்கு முற்றிக் கல்லாகும், வெளிச்சதை வெண்மை நீங்கி மஞ்சளாகும், பின்னர்ச் செம்மஞ்சளாகும். ஆடி, ஆவணியில் தானே கனிந்து 'தொப்'பென்று விழும்.

இம்மாற்றத்தை அறிய நமக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. இறைவன் தந்த இரண்டு கருவிகளே போதும்: ஒன்று நாக்கு, மற்றொன்று கண்.

நாக்கு உணரும் துவர்ப்பு 'டானின்' என்னும் பொருளின் அடையாளம். டானின் ஃபீனாலிக் இனத்தது. வலிமை மிக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான். அது நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் இறுகிக் காய்ந்தாற்போல் தோன்றுகிறது. விதை முற்றும்வரை பூச்சியும் விலங்கும் காயை அண்டாதபடி மரம் வைத்திருக்கும் காவல் அது. விதை முற்றியபின் அக்காவலுக்கு வேலையில்லை. இப்போது மரத்துக்குத் தேவை விருந்தாளிகள். டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கரையாத பெரிய உருக்களாகின்றன. நாக்கு அவற்றை உணர்வதில்லை. கரையக்கூடிய ஃபீனாலிக் பொருளை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு அதன் அளவு வீழ்ந்திருப்பது தெரியும். பக்கத்து வீட்டார் சொன்ன பாதி உண்மை இதுவே.

மறுபாதியைக் கண் சொல்லும். பச்சையம் சிதைய, கரோட்டின் இனத்து நிறப்பொருள்கள் சதையில் திரள்கின்றன. பனம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் அவற்றின் நிறமே. அவையும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களே. அதனினும் மேலாக, அவற்றுள் ஒரு பகுதியை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. டானின் இதனைச் செய்ய இயலாது. ஆகவே பழுத்த பனம்பழம் சத்தை இழந்த பழமன்று. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்ற பழம்.

பனையின் உறவினமான பேரீச்சையில் இம்மாற்றத்தை அறிவியலார் படிப்படியாக அளந்திருக்கின்றனர். அரபு நாட்டு மக்கள் பேரீச்சையின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் வைத்துள்ளனர். பச்சைக் காய் 'கிம்ரி'. மஞ்சளோ சிவப்போ ஏறிய கெட்டிக்காய் 'கலால்'. கனிந்து மென்மையானது 'ருதப்'. உலர்ந்து சுருங்கியது 'தமர்'. டானினும் பொதுவாக ஃபீனாலிக் பொருள்களும் கிம்ரிப் பருவத்தில் மிகுந்திருந்து, தமர் நிலைக்கு வருவதற்குள் பெரிதும் குறைந்துவிடுகின்றன, வைட்டமின் சி-யும் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது. ஆனாலும் கிம்ரியை ஒருவரும் உண்பதில்லை. வாயில் வைக்க முடியாத துவர்ப்பு அது. குஜராத்தின் கட்சுப் பகுதியில் பழம் முழுதும் கனியுமுன் பருவமழை வந்துவிடும் என்பதால், கலால் நிலையிலேயே அறுவடை செய்கின்றனர். நம் மதுரைக் கடைவீதியில் ஆனி, ஆடியில் குலையோடு விற்கும் மஞ்சள் பேரீச்சங்காய் இப்பருவத்தது. அதனைக் கடித்தால் இனிப்போடு சிறு துவர்ப்பும் தெரிவதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

மற்றோர் உறவினமும் உங்கள் வீட்டிலேயே உண்டு. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில், எண்ணெய்ப் பனை என்னும் மரத்தின் பழத்திலிருந்து வருவது. அப்பழம் முற்ற முற்ற எண்ணெயும் கரோட்டினும் ஏறிச் செக்கச்செவேல் என்றாகும். பிழிந்த எண்ணெயும் முதலில் செந்நிறமே. சுத்திகரித்து நிறம் நீக்கும்போது கரோட்டின் பெரிதும் போய்விடுவதால்தான் நம் கைக்கு வெளிர் மஞ்சளாக வருகிறது. பழம் சேர்த்து வைத்ததை ஆலை கழித்துவிடுகிறது என்க.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தடுப்பான் மிகுந்த பொருள் எல்லாம் உடலுக்கு நன்மை செய்யும் என்று எண்ணிவிடலாகாது. பாக்கும் பனை இனத்து மரமொன்றின் காயே. இளம்பாக்கில் டானின் முதலிய ஃபீனாலிக் பொருள்கள் மிகுதி. முற்றிப் பழுக்கும்போது குறைகின்றன. தடுப்பான் அளவை மட்டும் பார்த்தால் பாக்குக்கு உயர்ந்த இடம் தர வேண்டியிருக்கும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று தெளிவாகக் கூறிற்று. விருந்துக்குப் பின் வாய் மணக்க மெல்லும் பழக்கத்தை நம் குடும்பங்கள் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரையின் கதையும் இதைப் போன்றதே. கரோட்டின் நிறைந்த காய் கனிகளை உண்போர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட மருத்துவர்கள், 'கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகத் தந்தால் என்ன?' என்று எண்ணினர். ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் பழக்கமுடைய 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டனர். 1994-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தபோது உலகமே திகைத்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. 1996-இல் அமெரிக்காவில் இத்தகைய மற்றோர் ஆய்வையும் இதே காரணத்தால் இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. கனியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் பெருமளவில் விழுங்குவதும் கனியை உண்பதும் ஒன்றல்ல என்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்ட இயலாது. மருத்துவர் ஒரு குறையைக் கண்டு எழுதித் தரும் மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. எவர் சொல்லையோ கேட்டு, குறை ஏதுமில்லாத பிள்ளைக்கு வாங்கி ஊட்டுவதையே சொல்கிறேன்.

அப்படியாயின் பனம்பழத்தின் செம்மை நமக்கு எவ்வகையில் முக்கியம்? இதற்கு விடை நம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நாள்களில் மாலைக்கண் நோயும், வைட்டமின் ஏ குறைவால் கருவிழி கெட்டுப் பார்வை போவதும் நம் சிற்றூர்ப் பிள்ளைகளிடையே அரிய காட்சிகள் அல்ல. பின்னர் அம்மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர்கள், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளை ஓராண்டுக் காலம் வாரந்தோறும் கண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் வைட்டமின் ஈ-யும் சேர்த்துத் தந்தனர். மறுபாதியினருக்கு வைட்டமின் ஈ மட்டும் தந்தனர். 1990-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கிறது என்பதை மதுரை மருத்துவர்கள் உலகுக்கு எடுத்துக் காட்டினர்.

இவ்வாய்வில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. வைட்டமின் ஈ-யும் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பானே. இரு பாதியினரும் அதனைப் பெற்றனர். வேறுபாட்டை உண்டாக்கியது வைட்டமின் ஏ. ஆகவே 'தடுப்பான்' என்னும் பொதுப்பெயரைவிட, எந்தப் பொருள், எந்தக் குறையை நிறைவு செய்கிறது என்பதே முக்கியம். மற்றொன்று, அவர்கள் தந்தது ஒரே முறையில் ஊட்டும் பெருமருந்து அன்று. வாரத்துக்கு ஒருமுறை, உணவிலிருந்தே பெறத்தக்க சிறு அளவு. முருங்கைக்கீரையும், அரைக்கீரையும், பப்பாளியும், பூசணியும், மாம்பழமும் அதைத் தர வல்லவை. காசு கொடுக்காமல் கரையில் கிடக்கும் பனம்பழமும் அவ்வரிசையில் ஓரிடம் பெறும். மரத்துக்கு மரம் அதன் கரோட்டின் அளவு வேறுபடும். பனம்பழம் கீரையின் இடத்தைப் பிடித்துவிடாது. அதன் துணையாக நிற்கும்.

அந்தத் தாய்க்குச் சொன்ன செய்முறையையும் கூறிவிடுகிறேன். புதிதாக விழுந்த, பிளவுபடாத, வண்டு துளைக்காத பழமாகப் பார்த்து எடுங்கள். நன்றாகக் கழுவித் தணலில் சுட்டோ நீரில் அவித்தோ, தோலை உரித்து, சதையைப் பிசைந்து நாரை வடிகட்டிக் கொள்ளுங்கள். கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். ஆகவே அக்கூழோடு தேங்காய்ப்பூ சேர்த்தோ, மாவில் கலந்து எண்ணெயில் பணியாரமாகச் சுட்டோ தந்தால் உடல் அதனை நன்கு ஏற்கும். யாழ்ப்பாணத்து மக்கள் பழச்சாற்றைப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்திப் 'பனாட்டு' செய்வர், மாதக்கணக்கில் கெடாது. ஆனால் வெயிலும் காற்றும் கரோட்டினைச் சிறிது சிறிதாக அழிக்கும் என்பதால், சத்தைக் கருதினால் புதிய பழமே சிறந்தது. சில மரத்துப் பழங்கள் கசக்கும். அக்கசப்புக்குக் காரணமான பொருளை இலங்கை அறிவியலார் ஆராய்ந்து, பனையின் அறிவியற் பெயரை ஒட்டி 'ஃபிளாபெல்லிஃபெரின்' என்று அழைக்கின்றனர். கசக்கும் பழத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்க வேண்டாம்; அடுத்த மரத்துப் பழத்தைப் பாருங்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இதனையும் மற்ற இனிப்புப் பழங்களைப் போலவே அளவோடு உண்ண வேண்டும்.

இத்தனை சொல்லியும் ஒரு வருத்தம் நெஞ்சில் நிற்கிறது. பழத்தின் சத்தைப் பற்றிப் பேசுகிறோம், மரம் எங்கே? மனைகளுக்கும் சாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் நம் கண் முன்னே எத்தனையோ பனைகள் வீழ்ந்தன. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று அறிவித்து, பனை விதைகளைப் பரவலாக நடுவதற்கும் திட்டம் வகுத்தது. நல்ல செய்தியே. ஆயினும் நட்ட விதை காய்ப்பதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். பாளை விடும்வரை அது ஆண் பனையா, பெண் பனையா என்பதும் தெரியாது. பிறருக்காகக் காத்திருக்கும் மனம் உடையவர்களே பனையை நட முடியும்.

மறு வாரம் அந்தப் பையன் மீண்டும் வந்தான். பழத்தைச் சுட்டுத் தின்றதைப் பல்லிடுக்கில் சிக்கிய நாரோடு சிரித்துச் சொன்னான். பழத்துக்குள் இருந்த மூன்று கொட்டைகளையும் கழுவிக் கொண்டுவந்திருந்தான். இரண்டைக் கோயில் வளாகத்து வேலியோரம் புதைத்தோம். மூன்றாவதைக் கண்மாய்க் கரையில், தாய்மரத்துக்குச் சற்றுத் தள்ளித் தானே புதைப்பதாகச் சொல்லி எடுத்துச் சென்றான்.

உங்கள் ஊர்க் கரையிலும் இம்மாதம் பழங்கள் விழுந்து கிடக்கும். மிதித்துக் கடந்து போகாமல், ஒரு பழத்தையேனும் எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். துவர்ப்பு எங்கே போயிற்று, இந்தச் செம்மை எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். உண்டபின் கொட்டையை எங்கே நடலாம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும்.